காசிமேட்டுக்குத் தேனீ வந்த கதை

வா கண்ணு, குந்து. வலையை மிதிக்காம குந்து. மூணு நாளா கிழிசல் தைச்சிக்கினு கீறேன். நீ செருப்போட ஏறி நின்னா நாலாவது நாளும் தைக்கணும்.

கையில இன்னா? போனா? என் கண்ணாடி வூட்ல கீது. நீயே படி, கேக்கறேன்.

தேனீ விஷத்துல கீற சரக்கு வலிப்பைத் தடுக்குமாம். மூளையைப் பத்திரமா பாத்துக்குமாம். பலே! அதுக்குக் கீழே இன்னா போட்டுகீது? கீழே நீ போகவே இல்லியா? தலைப்பைப் படிச்சே, நாப்பது பேருக்குத் தட்டி வுட்டே, இப்போ இங்க வந்து நிக்கறே. எங்க ஏலத்துல ஒருத்தன் இருந்தான். மீனோட பளபளப்பைப் பாத்தே வெலை பேசுவான். செவுளைத் தூக்கிப் பாருடான்னு எத்தினி வாட்டி சொன்னாலும் காதுல வாங்க மாட்டான். அவன் வூட்டுக் கொழம்பு நாலு தெரு தள்ளி நாறும்.

நீ எதுக்காக இத்தப் படிச்சேன்னு எனக்குத் தெரியும். நம்ம ஐஸ் கடைப் பையனுக்காகத்தானே? அவங்கப்பன் காத்தாலேயே வந்துட்டான். "பெருசு, உயிரோட தேனீ எங்க கெடைக்கும்?"னு கேட்டான். இன்னாத்துக்குடான்னா, பையன் பொடனியில கொட்ட வுடணுமாம். வலிப்பு ஓடிப் போய்டுமாம். போன்ல வந்துதாம். ராயபுரம் கல்மண்டபத்துல வாழ்ந்துகினு தேனீயைத் தேடறான் பாரு. எழுபத்தெட்டு வருஷமா இந்தக் கரையில கீறேன். ஈ பாத்துகீறேன், கோடிக்கணக்குல. தேனீயை வெரல் வுட்டு எண்ணிடலாம்.

ஏன் வரும் சொல்லு? எண்ணூர்ப் பக்கம் போனா பறந்து வந்து மேல குந்துறது சாம்பல். மணலிப் பக்கம் போனா மூக்கே வேலைநிறுத்தம் பண்ணுது. 2023 டிசம்பர் வெள்ளத்துல கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் மெதந்து வந்துச்சே, மறந்துட்டியா? வலை, படகு, நண்டு, கொக்கு, எல்லாம் ஒரே கறுப்பு. அதே மாசம் 26-ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சி, ஜனம் கைக்குழந்தையை வாரிக்கினு ஓடுச்சி. இந்த அழகுல தேனீ இங்க வந்து பூவைத் தேடுமா? தப்பித் தவறி ஒரு மலைத்தேனீக் கூட்டம் வந்து தண்ணி டேங்குக்கு அடியில தொங்குச்சுன்னு வை. மொதல்ல தீயணைப்புக்குப் போன் போடறவன் யாரு? நீதான். கூட்டைக் கொளுத்தச் சொன்னவனே இப்போ விஷம் வேணும்னு நிக்கறே.

சரி, சொல்றதைக் கேளு. நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ். ஆனா என் பேத்தி நர்சு. அவ வாயைக் கிளறி நெறைய கறந்து வெச்சிகீறேன்.

வலிப்புன்னா இன்னா? பேயா? காத்தா? கருப்பா? எங்க ஆத்தா காலத்துல அப்படித்தான் சொன்னாங்க. வேப்பிலை அடிச்சாங்க. நீ விடியறதுக்கு முன்னாடி நம்ம மீன் ஏலத்துக்கு வந்துகீறியா? எங்க வருவே, அந்நேரத்துக்குத்தான் நீ தூங்கவே போறே. வந்தா தெரியும். ஒருத்தன் வெலை சொல்வான், இன்னொருத்தன் ஏத்துவான், மூணாவது ஆளு தலையாட்டுவான். கூச்சல்தான், ஆனா மொறை கீது. அத்தனை பேரும் ஒரே மூச்சுல ஒரே வெலையைக் கத்தினா இன்னாவும்? மீனும் விக்காது, கணக்கும் நிக்காது, கூடை கவுந்துடும். மூளையில கோடானுகோடி நரம்பு செல்லு கீது. ஒண்ணோட ஒண்ணு மின்சாரத்துல பேசிக்குது. மொறை கெட்டு ஒரு கூட்டம் சேந்தாப்புல கத்த ஆரமிச்சா அதுதான் வலிப்பு. கை இழுக்கும், கண்ணு சொருகும். சிலதுக்கு இழுப்பே இருக்காது, ரெண்டு நிமிஷம் வெறிச்சிப் பாத்துக்கினு நிக்கும். வாத்தியார் அத்தப் பாத்து, பாடத்துல கவனமில்லன்னு பிரம்பைத் தூக்குவாரு.

இப்போ தேனீக்கு வா. ஒரு தேனீ கொட்டினா உள்ள எறங்கற விஷம் எவ்ளோ தெரியுமா? ஒரு மில்லிகிராம்ல பத்துல ஒரு பங்கு, முன்ன பின்ன. அந்தத் துளியூண்டுக்குள்ள ஒரு மளிகைக் கடையே கீது. காஞ்ச விஷத்துல பாதிக்குப் பாதி மெலிட்டின்னு ஒரு சரக்கு. 26 மணி கோத்த மாலை மாதிரி. ஒடம்புல கீற செல்லுங்களோட சொவத்தைப் பொத்துப் போடும். சுருக்குன்னு எரியுதே, அது அதோட கைங்கரியம். இன்னொண்ணு அபாமின். 18 மணி, குட்டி மாலை. மொத்தத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் தேறும். நம்ப படிச்ச ஜனம் கண்ணு வெச்சிகீறது இந்தக் குட்டி மேலதான்.

ஏன் இது மேல கண்ணு? துறைமுகத்து ஜீரோ கேட்டைப் பாத்துகீறே இல்ல? எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி மைல் கணக்குல நிக்கும். டிரைவருங்க லாரிக்கு அடியிலேயே ஸ்டவ் பத்த வெச்சி சோறாக்கித் தின்னுட்டு, தொட்டில் கட்டித் தூங்கியும் எழுந்துடுவாங்க. கேட் தொறக்காது. மூளைக்கும் அப்படி ஒரு கேட் கீது. ரத்தத்துல வர்ற எல்லாத்தையும் உள்ள வுடாது. நல்ல நல்ல மருந்துங்களே வெளியில லைன்ல நின்னு காலாவதியாய்டுது. இந்த அபாமின் அந்த கேட்டைத் தாண்டிப் போய்டுதாம். ஆராயறவங்களுக்கு வாய் ஊறாதா?

ஆனா உள்ள போய் அது இன்னா பண்ணுது? இங்கதான் காமெடி. படகுல வலை இழுக்கற வின்ச்சைப் பாத்துகீறியா? ஓட்டம் முடிஞ்சா பிரேக் புடிக்கணும். புடிக்கலன்னா கயிறு அவுந்துக்கினே போவும், கூட நிக்கறவன் விரலும் போவும். நரம்புக்கும் ஒரு பிரேக் கீது. ஒரு வாட்டி அடிச்சதும் கொஞ்சம் மூச்சு வாங்க வெக்கறதுக்கு, பொட்டாசியம் வெளியேறுற சின்ன மதகு ஒண்ணு தொறக்கும். அபாமின் அந்த மதகைத்தான் போய் அடைக்குது. அடைச்சா? நரம்பு இன்னும் துடியா அடிக்கும். எலிக்குக் கொஞ்சமா குடுத்தா ஞாபக சக்தி கூடுச்சின்னு சொன்னவங்க கீறாங்க. தூக்கலா குடுத்தா எலிக்கு இன்னா வந்துச்சி தெரியுமா?

வலிப்பு.

சிரிக்காதே. நீ வலிப்பைத் தடுக்கும்னு தட்டி வுட்டியே, அதே சரக்கு. அளவு கூடினா வலிப்பை அதுவே கூட்டியாருது. ஐஸ் கடைக்காரன் பொடனியில கொட்ட வெக்கற தேனீ இதையெல்லாம் நிறுத்துப் பாத்தா கொட்டும்? தராசு வெச்சிக்கினா பறக்குது?

அப்போ எல்லாம் பீலாவான்னு கேக்கறே. அப்படியும் சொல்ல மாட்டேன். பிரேசில் நாட்டுல பிரசீலியா பல்கலைக்கழகம் கீது. அங்க மார்சியா மொர்டாரின்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் குளவி விஷத்தைப் புடிச்சிக்கினு பல வருஷமா மல்லுக்கட்டிக்கினு கீறாங்க. அவங்க ஊர்க் குளவி ஒண்ணு, பொலிபியா ஆக்சிடென்டாலிஸ்னு பேரு. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அதுவே கொட்டிடும். அந்த விஷத்துக்குள்ள கையை வுட்டு, ஒவ்வொரு சரக்கா பிரிச்சி, அதுல ஒரே ஒரு குட்டி மாலையை எடுத்து, அதோட ஜாடையைப் பாத்து இன்னொண்ணைத் தாங்களே கோத்து, வலிப்பு வரவழைச்ச எலிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க. வலிப்பு அடங்குச்சி. நல்ல சேதி. ஆனா யாருக்கு? எலிக்கு. குளவி கொட்டியா அடங்குச்சி? இல்ல. குளவி கூட்டுல கீது. விஷத்துல கீற கெட்டது முக்காலையும் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தைத் திருத்தி எழுதினதுக்கு அப்பால வந்த சேதி அது. உன் போன்ல அந்த வேலை பூரா காணாமப் போயி, குளவி தேனீயாயி, அந்தத் தேனீயும் வலிப்பும் மட்டும் மிஞ்சிகீது. நம்ப சித்த வைத்தியன் சேராங்கொட்டையை அப்படியே வாயில போடச் சொன்னானா? நாபியை அப்படியே அரைச்சிக் குடுத்தானா? சுத்தி பண்ணாம தொட மாட்டான். எட்டிக்கொட்டை தின்னா ஒடம்பு வில்லா வளைஞ்சி இழுக்கும்னு பாட்டன் காலத்துலயே தெரியும். உனக்குத்தான் இயற்கைன்னு ஒரு வார்த்தை போட்டா போதும், கல்லைக் கூட கடிப்பே.

மனுசனுக்கும் தேனீ விஷம் ஏத்திப் பாத்துகீறாங்க. அத்தையும் கேளு. கை நடுங்குற பார்க்கின்சன் நோய் கீதே, பிரான்சு நாட்டுல அந்த நோயாளிங்க 40 பேரைச் சேத்தாங்க. மாசத்துக்கு ஒரு ஊசின்னு 11 மாசம். பாதிப் பேருக்கு நெஜமான தேனீ விஷம், பாதிப் பேருக்கு சொம்மா ஊசி. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. கடைசியில கணக்குப் பாத்தா ரெண்டு கட்சிக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. 2016-ல அவங்களே அத்த எழுதி வெளியிட்டாங்க. பிடிச்ச மீன் சின்னதுன்னா சின்னதுன்னே சொல்லிட்டாங்க. நம்மாளு சொல்வானா?

அதுக்கும் முன்னாடி ஆலந்து நாட்டுக்காரன் ஒரு படி மேல போனான். நரம்பு ஒறை தேயற நோய்க்காரங்க 26 பேரு. ஊசி கீசி இல்ல, நெஜத் தேனீ. வாரத்துக்கு மூணு வாட்டி. ஒரு வாட்டிக்கு இருபது தேனீ வரைக்கும். இருபது! 24 வாரம்! அந்தத் தேனீங்களை நெனச்சா எனக்குப் பாவமா கீது, கொட்டின கையோட கொடலு அறுந்து செத்துப் போற பிறவிங்க. முடிவு? 2005-ல வந்துச்சி. நோய் கொறையல, அசதி கொறையல, ஒடம்பு வீங்கினதுதான் மிச்சம்.

ஸ்பெயின்ல 55 வயசுப் பொம்பளை ஒருத்தி. ஒடம்பு லேசாவணும்னு தேனீ கொட்ட வுட்டுக்கினு இருந்தா. ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆவல. ஒரு நாளு கொட்டின கையோட மூச்சு முட்டி, மயங்கிச் சாய்ஞ்சவ எழுந்திருக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில வாரக்கணக்கா கெடந்து போய்ச் சேந்துட்டா. 2018-ல டாக்டருங்க எழுதி வெச்சாங்க. "நேத்து கொட்டுச்சி, ஒண்ணும் ஆவல, இன்னிக்கும் ஆவாது"ன்னு நெனைக்கறே பாரு, ஒவ்வாமை அப்படிக் கணக்கு வெக்காது. நேத்து சும்மா இருந்த ஒடம்பு இன்னிக்குத் திடீர்னு முறைக்கும்.

நான் விஷத்துக்கு விரோதி இல்ல கண்ணு. சாப்பிடறதே பாம்பு வம்சத்து மாத்திரைதான். இன்னா முழிக்கறே? இந்த பிரஷர் மாத்திரை கீதே, மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போவுதே, எனாலாப்ரில், இதோட அண்ணங்காரன் பேரு கேப்டோப்ரில். பிரேசில் காட்டுல ஒரு விரியன் கீது. அது கடிச்சா ரத்தக் கொதிப்பு தடால்னு எறங்கி ஆளு சாய்வான். ஏன் எறங்குதுன்னு 1960-கள்ல செர்ஜியோ ஃபெரேரான்னு ஒரு பிரேசில்காரரு நோண்டினாரு. அந்த நூலைப் புடிச்சிக்கினே போயி, மாத்திரையா கடைக்கு வந்தது 1981-ல. அந்த மாத்திரையில பாம்பு ஒரு சொட்டு கூட கெடையாது. பாம்புகிட்ட கத்துக்கினு மனுசன் செஞ்சது. என் பிரஷருக்குப் பாம்பு கடிக்கட்டும்னு நான் புத்துல கையை வுட்டா நீ சிரிப்பியா மாட்டியா? அப்போ தேனீக் கூட்டுல மட்டும் ஏன் கையை வுடறே?

அவ்ளோ தூரம் ஏன், மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி கீது. 1978-லேந்து இருளருங்க அங்க கூட்டுறவு சங்கம் வெச்சி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலையும் புடிச்சி விஷம் எடுக்கறாங்க. எடுத்துட்டு பாம்பைத் திரும்ப காட்டுல வுட்டுடுவாங்க. அந்த வேலையில கீற மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த விஷத்தையா நோயாளிக்கு ஊத்தறாங்க? குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல உண்டாவுற எதிர்ச்சரக்கை எடுத்துத்தான் கடிபட்டவனுக்குப் போடறாங்க. பாம்பு புடிக்கறதுல அவங்களை அடிச்சிக்க ஆள் இல்ல. அவங்களே விஷத்துகிட்ட அடக்க ஒடுக்கமா கீறாங்க. நீ உதாரு வுடறே.

கடல்ல இல்லாத விஷமா? திருக்கை முள்ளு குத்தினா, கெளுத்தி குத்தினா எங்காளுங்க தாங்கற சூட்டுத் தண்ணியில காலை முக்குவாங்க. வலி எறங்கும். சூட்டுக்கு அந்த விஷம் அடங்கும்னு டாக்டருங்களும் ஒத்துக்கறாங்க. அழகா கூம்பு மாதிரி ஒரு சங்கு கீது. அதுக்குள்ள குந்தியிருக்கற நத்தை ஊசி எறியும், மீனு அப்படியே வெறைச்சிப் போவும். மனுசனும் செத்துகீறான். பால்டொமெரோ ஒலிவேரான்னு ஒரு பிலிப்பைன்ஸ்காரரு சின்ன வயசுலேந்து சங்கு பொறுக்கற பைத்தியம். பின்னாடி அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல குந்திக்கினு அதே சங்கு விஷத்தை நோண்டினாரு. அதுலேந்து 2004-ல ஒரு வலி மருந்து வந்துச்சி. சிக்கோனோடைடு. முதுகுத்தண்டுக்குள்ள பம்பு வெச்சி சொட்டுச் சொட்டா வுடணும். வேற எதுக்கும் அடங்காத வலிக்குத்தான்.

அதே சங்கு வம்சத்துல இன்னொரு சரக்கு. கொனான்டோகின். குட்டி எலிக்குக் குடுத்தா தூங்கிப் போச்சி. வளர்ந்த எலிக்குக் குடுத்தா? தூங்கல. கூண்டுக்குள்ள ஓடு ஓடுன்னு ஓடுச்சி! ஒரே விஷம், வயசுக்கு வயசு வேற ஆட்டம். மூளையைத் தூண்டி வுடற ஒரு கதவை இது சாத்துதுன்னு கண்டுபுடிச்சி, வலிப்புக்கு ஆவுமான்னு மனுசங்ககிட்ட சோதனை வரைக்கும் போனாங்க. இன்னிய வரைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கு வரல. எலியிலேந்து ஷாப்புக்கு வர்ற வழியில முக்காவாசி கரை சேராது கண்ணு. கட்டுமரத்துல போன எங்களுக்குத் தெரியாத கணக்கா இது?

இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். வலிப்பு வராம மூளையைக் காப்பாத்தணும், அதானே உன் ஆசை? நேத்து பைக்ல திருவொற்றியூர்லேந்து டோல்கேட்டு வரைக்கும் ரெண்டு கண்டெய்னருக்கு நடுவுல நுழைஞ்சி வந்தியே, ஹெல்மெட் எங்க மாட்டியிருந்தே? முழங்கையில! முழங்கையிலயா மூளை கீது உனக்கு? தலையில அடிபட்டவனுக்கு வலிப்பு வர்றது ஒண்ணும் ரகசியம் இல்ல. உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நூத்துல இருபத்தஞ்சு வலிப்பு நோய் வராமலே தடுத்துக்கலாம்னு. தலையில அடிபடாம பாத்துக்கோ, பிரசவத்துல கொழந்தைக்கு மூச்சுத் திணறாம பாத்துக்கோ, கையைக் கழுவு. அதுல தேனீ இல்ல. நான் தேடிப் பாக்கச் சொன்னேன், பேத்தி இல்லன்னுட்டா.

கைக்கும் வலிப்புக்கும் இன்னா சம்பந்தம்னு கேப்பே. கேளு. பன்னி நாடாப்புழுன்னு ஒண்ணு. அது எவன் வயித்துல கீதோ அவன் வெளிக்குப் போனா முட்டை வெளியில வரும். அந்தக் கை சோத்துல பட்டா, முட்டை கலந்த தண்ணி கீரையில பட்டா, முட்டை இன்னொருத்தன் வயித்துக்குப் போவும். புழுக்குஞ்சு ரத்தத்தோட ஏறி மூளையில போய்க் குந்திக்கும். குந்தின எடத்துல கட்டியாவும். வலிப்பு வரும். பன்னிக் கறியே தொடாத ஆச்சாரக்காரனுக்கும் வரும், கழுவாத கை குடுத்த கீரையைத் தின்னா. நம்ப நாட்டுல வலிப்புக்கு இது ஒரு பெரிய காரணம். வேலூர் சி.எம்.சி. டாக்டருங்க இத்தப் பத்தி வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிகீறாங்க. தேனீயைத் தேடி ஊரைச் சுத்தற ஜனம் பத்து ரூவா சோப்பைத் தேட மாட்டேங்குது. ஏன்? சோப்பைப் பத்தி தட்டி வுட்டா எவன் லைக் போடுவான்?

மாத்திரைக் கதையும் அப்படித்தான். ஃபீனோபார்பிட்டால்னு ஒரு மாத்திரை. 1912-லேந்து வலிப்புக்குக் குடுக்கறாங்க. ஹாப்ட்மேன்னு ஒரு ஜெர்மன் டாக்டரு. வலிப்பு நோயாளிங்க வார்டுக்கு மேல தங்கியிருந்தாராம். ராத்திரி பூரா அவங்க கட்டில்லேந்து விழற சத்தத்துல தூக்கம் வரல. எல்லாம் தூங்கட்டும்னு தூக்க மருந்தைக் குடுத்தாராம். தூங்கினாங்களோ இல்லியோ, வலிப்பு கொறைஞ்சிடுச்சின்னு கதையா சொல்வாங்க. 1938-ல ஃபெனிட்டாயின் வந்துச்சி. அது பழசு, இது கெழம்னு நீ மூஞ்சி சுளிக்கறே. நானும் கெழந்தான், என்கிட்ட வந்து குந்தலியா? உலகத்துல 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் கீதாம். ஒழுங்கா கண்டுபுடிச்சி, ஒழுங்கா மாத்திரை போட்டா பத்துல ஏழு பேரு வலிப்பே இல்லாம வாழலாம். ஆனா ஏழை நாடுங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அந்த மாத்திரை கைக்குப் போய்ச் சேரல. பக்கத்துல ஸ்டான்லி ஆஸ்பத்திரி கீது. சீட்டு வாங்கி லைன்ல நிக்கணும், அவ்ளோதான். லைன்ல நிக்க நோவுது, தேனீ புடிக்க நோவல.

ஐஸ் கடைக்காரன் இன்னா பண்ணான் தெரியுமா? ஆறு மாசம் வலிப்பு வரல, சரியாப் போச்சின்னு மாத்திரையைத் தானே நிப்பாட்டிட்டான். வலிப்பு வராததுக்குக் காரணமே மாத்திரைதாண்டா கய்தே! நங்கூரம் நல்லா புடிச்சிகீது, படகு நகரல, அதனால நங்கூரத்தை அறுத்து வுடுன்னு எவனாவது சொல்வானா? அப்பால மூணாம் நாளு பையன் ஏலக் கூடத்துலயே விழுந்தான்.

விழுந்தப்போ பாக்கணும் கூட்டத்தை! சாவிக்கொத்தை எடுத்துக்கினு எட்டுப் பேரு ஓடியாந்தான். கையில இரும்பு குடு, இரும்பு குடுன்னு கத்தறான். ஒருத்தன் மீன் வெட்டற கத்தியையே நீட்டறான், கய்தே. இரும்பு புடிச்சா வலிப்பு நிக்கும்னா, இந்தத் துறைமுகத்துல எவனுக்குடா வலிப்பு வரும்? சுத்திச் சுத்தி இரும்புதானே கீது? வலிப்பு தானா வருது, முக்காவாசி நேரம் ரெண்டு நிமிஷத்துல தானா நிக்குது. பேரு மட்டும் சாவிக்கு. இன்னொருத்தன் பல்லுக்கு நடுவுல கரண்டியைத் திணிக்கப் பாத்தான். நான் அவன் கையைத் தட்டி வுட்டேன். பேத்தி சொல்லிக் குடுத்ததுதான்: கூட்டத்தைத் தள்ளி நிக்கச் சொல்லு, தலைக்குக் கீழே துண்டை மடிச்சி வை, ஒருக்களிச்சிப் படுக்க வை, வாயில ஒண்ணியும் வெக்காதே, தண்ணி ஊத்தாதே, கையைக் காலை அமுக்கிப் புடிக்காதே, மணியைப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டுச்சின்னா 108-க்கு அடி. நான் மணியைப் பாத்தேன். ரெண்டரை நிமிஷம். பையன் கண்ணைத் தொறந்து மொதல்ல கேட்டது, "என் செருப்பு எங்க?" எட்டுச் சாவிக்காரன்ல ஒருத்தன் எடுத்துக்கினு போய்ட்டான்.

ஊரு பேசற பேச்சு வேற. பையனுக்குக் கண்ணாலம் எப்படி ஆவும்னு இப்பவே ரெண்டு கெழவிங்க கணக்குப் போடுதுங்க. பதினாறு வயசு அவனுக்கு! கெழவிங்களைச் சொல்லிக் குத்தமில்ல. 1976-ல சட்டத்துலயே எழுதி வெச்சாங்க, வலிப்பு திரும்பத் திரும்ப வந்தா இந்துக் கல்யாணம் செல்லாம பண்ணிக்கலாம்னு. 1999-லதான் அந்த வார்த்தையை எடுத்தாங்க. 23 வருஷம் சட்டப் பொஸ்தவத்துல குந்தியிருந்த வார்த்தை, தெருவுலேந்து எறங்கறதுக்கு இன்னும் எத்தினி வருஷமோ. டெல்லியில அடிச்சிட்டாங்க, கல்மண்டபத்துல அடிக்க ஆள் வரல.

நீயும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைத் தேய்ச்சிக்கினு கீறியாமே. உங்கம்மா சொல்லி அழறா. தூக்கம் கெட்டா வலிப்பு உள்ளவனுக்கு வலிப்பு கெளம்பும், இல்லாதவனுக்கு மூஞ்சி உன்னுது மாதிரி ஆவும். அந்த ராத்திரி ரெண்டு மணிக்குத்தானே இந்தத் தேனீச் சேதியைப் படிச்சே? மூளையைக் காப்பாத்தற சேதியைப் படிக்கறதுக்கு மூளையைத் தூங்க வுடல. பலே ஆளு நீ.

தோ, மணி எட்டாவுது. அடிக்குது பாரு அந்தப் பையன் போன்ல அலாரம். நான்தான் வெக்கச் சொன்னேன், காத்தால எட்டு, ராத்திரி எட்டு. திரும்ப டாக்டரைப் பாத்து மாத்திரை ஆரமிச்சாச்சி. விழுங்கிட்டானா? தண்ணி குடிச்சானா? சரி.

யாரு வர்றது, அவங்கப்பனா? கையில இன்னா பாட்டிலு? தேனீ கெடைக்கலியா? பாரிஸ் கார்னர் பூரா சுத்தியும் கெடைக்கலியா? அதனால தேனையே வாங்கியாந்துட்டியா? மலைத்தேனா? 600 ரூவாயா? குடு இங்க, ஒரு சொட்டு நாக்குல வெக்கறேன்.

டேய். இது வெல்லப்பாகுடா. தேனீ இந்த பாட்டில் பக்கமே வரல. சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே, உள்ள வை. நாளைக்கு ஆப்பத்துக்குத் தொட்டுக்கலாம்.